அச்சிடும் வசதிக்குள் ஒரு திறந்த கதவு



கணினிப் பாதுகாப்பு என்றதும் கடவுச்சொல்லும், மின்னஞ்சலில் வரும் நச்சுநிரலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கடிதத்தை அச்சடித்துத் தரும் வசதியின் மீது யாரும் சந்தேகம் கொள்வதில்லை. ஆனால், ஒரு காலத்தில் ஆபத்து அந்த வழியாகத்தான் வந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000-ஐ வெளியிட்டது. அதன் சர்வர் பதிப்போடு, இணையத் தளங்களை நடத்தும் ஐ.ஐ.எஸ். 5.0 என்ற மென்பொருளும் சேர்ந்தே வந்தது. இணையம் வழியாக அலுவலக அச்சுப்பொறிக்கு ஆவணம் அனுப்பும் வசதி அதற்குள் இருந்தது. வேண்டும் என்று கேட்டவருக்கு மட்டுமல்ல, கேட்காதவருக்கும் அது தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது.

எங்கே தவறு நடந்தது?

ஒரு விண்ணப்பப் பாரத்தை நினைத்துப் பாருங்கள். பெயர் எழுத இருபது கட்டங்கள்; அதன் கீழே 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்ற பகுதி. ஒருவர் இருபது கட்டங்களோடு நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போகிறார். எழுத்துகள் கீழே இறங்கி அலுவலகப் பகுதியை நிரப்புகின்றன. அங்கே அவர், 'இவருக்கு எல்லா அறைகளின் சாவியையும் கொடுக்கவும்' என்று எழுதிவிடுகிறார். குமாஸ்தாவோ, மேலதிகாரி எழுதியதுதான் என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்!

கணினியிலும் இப்படித்தான். வரும் தகவலைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் அளவான ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அதற்குப் பெயர் பஃபர். அதை அடுத்த பகுதியில், கணினி அடுத்து எந்தக் கட்டளைக்குச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். வரும் தகவலின் நீளத்தை நிரல் சரிபார்க்காவிட்டால், மிகுதி வழிந்து அந்தக் குறிப்பை அழித்து எழுதிவிடும். இதுவே பஃபர் ஓவர்ஃப்ளோ.

விண்டோஸ் 2000-இன் அச்சிடும் வசதியில் இந்த ஓட்டை இருப்பதை அமெரிக்காவின் இ-ஐ டிஜிட்டல் செக்யூரிட்டி நிறுவனம் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 420 பைட் நீளமுள்ள ஒரு கோரிக்கையே போதும். கணினியின் மிக உயர்ந்த அதிகாரம் அந்நியர் கைக்குப் போய்விடும். கடவுச்சொல்லே தேவையில்லை. தாக்குதலால் நின்றுபோகும் இணையச் சேவையை விண்டோஸ் தானாகவே மீண்டும் இயக்கிவிடும் என்பதால், நிர்வாகிக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம்.

மருந்து இருந்தும் நோய்

மைக்ரோசாப்ட் 2001 மே 1-ஆம் தேதி இதற்கான திருத்தத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே, அதே ஐ.ஐ.எஸ். மென்பொருளோடு இணைந்த தேடல் வசதியிலும் இதே வகை ஓட்டை தெரியவந்தது. ஜூன் 18-ஆம் தேதி அதற்கும் திருத்தம் கிடைத்தது. பலர் அதை நிறுவவில்லை. ஜூலை 19-ஆம் தேதி 'கோட் ரெட்' என்ற கணினிப் புழு அந்த ஓட்டை வழியாக நுழைந்து, 14 மணி நேரத்திற்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்துக்கொண்டது. திருத்தம் வெளியாகி ஒரு மாதம் கழித்து நடந்த சேதம் இது!

பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2021-ஆம் ஆண்டிலும் விண்டோஸின் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. அது பஃபர் ஓவர்ஃப்ளோ அல்ல, வேறு வகை. ஆனால், அடிப்படை ஒன்றுதான்: அந்தச் சேவையும் உயர்ந்த அதிகாரத்தோடு, பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்குகிறது. ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் 7-க்கும் மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வழங்கியது என்றால், ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தும் ஒவ்வொரு நாளும் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதைப் பயன்படுத்துவோர் மாற்று ஏற்பாட்டை யோசிக்க வேண்டும். மூன்றாவது, அச்சிடாத கணினிக்கு அச்சிடும் சேவை எதற்கு? அலுவலகத்தில் கணினிகளைக் கவனிப்பவரிடம், தேவையற்ற சேவைகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

வீட்டின் முன்வாசலுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். பின்கட்டில் நாம் ஒருநாளும் திறக்காத கதவு ஒன்று இருந்தால், அது சாத்தியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.