முதியோர்க்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் டெலிரியம்: அமைதி வடிவமும் தடுப்பும்

முன்னுரை

இடுப்பெலும்பு முறிவிற்கு அறுவைச் சிகிச்சை பெற்ற முதியவர், இரண்டாம் நாள் மாலை தாம் இருக்கும் இடம் அறியாது பேசுவதும், உடனிருக்கும் மகனை அடையாளம் காணாதிருப்பதும் உண்டு. மூளையின் செயல்பாடு திடீரெனக் குலைவதால் தோன்றும் இம்மனக்குழப்பத்தை மருத்துவம் டெலிரியம் என்கிறது. இதன் எளிதில் புலப்படாத அமைதி வடிவத்தையும், இனங்காணும் வழியையும், தடுப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மறதிநோயும் டெலிரியமும்

மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல வளர்வது. டெலிரியமோ சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாள்களில் தோன்றி, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காணப்படுவது. காலையில் தெளிவாகப் பேசியவர் இரவில் குழம்புவது இதன் இயல்பாகும். மறதிநோய் உடையவர்க்கு டெலிரியம் தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் இரண்டும் ஒருவரிடமே அமையலாம்.

அமைதி வடிவம்

கிளர்ச்சி வடிவத்தில் நோயாளர் கூச்சலிடுவார், குழாய்களைப் பிடுங்குவார். செவிலியர் உடனே கவனிப்பர். அமைதி வடிவத்தில் அவர் கண்மூடிக் கிடப்பார். கேட்டதற்குத் தாமதமாக ஓரிரு சொல்லில் விடையளிப்பார். யாருக்கும் தொல்லை தராமையால் 'ஓய்வெடுக்கிறார்' என்றோ 'வயதானால் இப்படித்தான்' என்றோ கருதப்படுகிறார். இக்கருத்து தீங்கு விளைவிப்பது. ஏனெனில் டெலிரியத்தின் பின்னணியில் நோய்த்தொற்று, நீரிழப்பு, ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, சிறுநீர்த் தேக்கம், தணியாத வலி, தூக்க மருந்து எனப் பல காரணங்கள் இருக்கலாம். குழப்பம் கவனிக்கப்படாதபோது அக்காரணமும் கவனிக்கப்படாது போகிறது.

இனங்காணல்

ஷேரன் இனோயி முதலானோர் 1990இல் வெளியிட்ட குழப்ப மதிப்பீட்டு முறை நான்கு கூறுகளை நோக்குகிறது:

1. திடீர்த் தோற்றமும் ஏற்ற இறக்கமும்
2. கவனக்குறைவு
3. தொடர்பற்ற சிந்தனை
4. விழிப்புநிலை மாற்றம்

முதலிரண்டும், பின்னிரண்டில் ஒன்றும் இருப்பின் டெலிரியம் எனக் கொள்ளப்படும். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் செய்வது கவனத்தை அறியும் எளிய சோதனையாகும். முதற்கூற்றை உறுதிசெய்ய நோயாளரின் முந்தைய நிலை தெரிந்திருத்தல் வேண்டும். அதனை நன்கறிந்தவர் குடும்பத்தினரே. 'நேற்று இப்படி இல்லை' என்னும் அவர்தம் கூற்று மருத்துவச் சான்றாகவே மதிக்கத்தக்கது.

தடுப்பு

அமெரிக்காவில் எட்வர்ட் மார்கன்டோனியோ குழுவினர் இடுப்பெலும்பு முறிவுற்ற, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 126 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு 2001இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காட்டினர்க்கு டெலிரியம் ஏற்பட்டது. முதியோர் மருத்துவரின் அன்றாட ஆலோசனை பெற்றோரில் அது 32 விழுக்காடே. போதிய நீரும் ஆக்சிஜனும், வலித் தணிப்பு, தேவையற்ற மருந்துகளை நிறுத்துதல், சிறுநீர்க் குழாயை விரைவில் அகற்றுதல், விரைந்து எழுந்து நடக்கச் செய்தல் முதலியன அவ்வாலோசனையில் இடம்பெறுவன. மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தல், இரவுத் தூக்கத்தைக் காத்தல், பழகிய முகங்கள் அருகிருத்தல் ஆகியனவும் துணைசெய்யும்.

முடிவுரை

அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் மனக்குழப்பம் முதுமையின் இயல்பன்று. காரணம் தேடி மருத்துவம் செய்ய வேண்டிய நிலை. கூச்சலிடும் நோயாளரைப் போலவே, திடீரென அமைதியாகிவிட்ட நோயாளரும் உடனடிக் கவனத்திற்குரியவர். அம்மாற்றத்தை முதலில் காணும் குடும்பத்தினர் தயங்காது சொல்வதும், மருத்துவர் அதனைச் செவிமடுப்பதும் இன்றியமையாதன.