கோடை மூச்சும் முட்டை ஓடும்

சித்திரை பிறந்தால் எருமப்பட்டி வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் ஒரு கவலை தொடங்கிவிடும். முட்டை ஓடு மெலியும். அட்டையில் அடுக்கும்போதே கீறல் விழும். ஒன்றிரண்டு ஓடே இல்லாமல் தோல்முட்டையாக வரும். தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் குறையாமல்தான் போடுகிறார்கள். ஆனாலும் ஓடு தேறாது. கோளாறு தீவனத்தில் இல்லை, கோழியின் மூச்சில் இருக்கிறது.

முட்டை ஓட்டில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் அது கரையும். இந்தக் கரையாத குணம்தான் ஓட்டையே உண்டாக்குகிறது. கோழியின் கருப்பைத் திரவத்தில் கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியும் கரையும் அளவைத் தாண்டிச் சேரும்போது, மிஞ்சியது படிகமாகப் படிகிறது. ஏறத்தாழ 20 மணி நேரத்தில், பெரும்பகுதி இரவிலேயே, 2 கிராம் கால்சியம் இப்படிப் படிந்தாக வேண்டும். ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியம் இதில் மிகச் சொற்பம். அதனால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வந்துகொண்டே இருக்க வேண்டும். மாவாக அரைத்த சுண்ணாம்புக் கல் வயிற்று அமிலத்தில் சீக்கிரம் கரைந்து போய்விடும். பெரிய துண்டுகளோ கற்குடலில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெருந்துண்டுக் கிளிஞ்சலைச் சாயங்காலத் தீவனத்தோடு போடுவதில் எவ்வளவு நுட்பமான வேதியியல் இருக்கிறது!

கார்பனேட் வரும் வழி இன்னும் சுவையானது. உடலில் உண்டாகும் கரியமில வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது; அது பைகார்பனேட்டாக, பைகார்பனேட் கார்பனேட்டாக மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் மாற்றம் முன்னும் போகும், பின்னும் வரும். இரண்டு வேகமும் ஒன்றாகிவிட்டால் அதுதான் வேதிச் சமநிலை. வெளியே எதுவும் மாறாததுபோல் தெரியும். உள்ளே மாற்றம் ஒரு நொடியும் நிற்பதில்லை. ஒரு முனையிலிருந்து பொருளை எடுத்தால், இழப்பை ஈடுகட்டும் பக்கமாகவே வினை நகரும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே 1884இல் சொன்னார்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து, தொண்டை துடிக்க மூச்சிரைக்கும். சூட்டோடு கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறும். உடனே மேலே சொன்ன மாற்றச் சங்கிலி பின்னோக்கி நகர்ந்து, பைகார்பனேட் மறுபடி வாயுவாகிறது. உடல் அதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் காரத்தன்மை கூடுவதால் சிறுநீரகம் மேலும் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது; கால்சியமும் புரதங்களோடு இறுக ஒட்டிக்கொண்டு, கருப்பைக்குக் கிடைக்கும் அயனியின் அளவு குறைகிறது. ஓட்டுக்கு வேண்டிய இரண்டு சரக்குமே ஒரே நேரத்தில் தட்டுப்பாடாகின்றன. வெயிலில் கோழி தீனி எடுப்பதும் குறைவதால் பாதிப்பு இரட்டிப்பாகிறது.

1980களில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் வெப்பத்தில் தவிக்கும் கோழிகளுக்குக் கரியமில வாயு ஏற்றிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஓட்டின் தரம் தேறியது. இழந்த வாயுவைத் திருப்பிக் கொடுத்ததும் சங்கிலி மீண்டும் கார்பனேட் பக்கம் நகர்ந்தது. பண்ணை முழுக்கச் சோடாத் தண்ணீர் கொடுப்பது கட்டுப்படியாகாது. அந்த இடத்தில் கைகொடுப்பது சமையல் சோடா. அது சோடியம் பைகார்பனேட். சங்கிலியின் நடுக்கண்ணியையே நேராகக் கொண்டுவந்து சேர்க்கிறது. கூரையில் தண்ணீர் தெளிப்பதும் கொட்டகைக்குள் பனிபோல நீர் தூவுவதும் அதற்கும் முந்திய இடத்தில் வேலை செய்கின்றன: மூச்சிரைப்பையே தணித்து, வாயுவை ரத்தத்தில் தங்கவிடுகின்றன.