தீயைத் தடுக்க வைத்த சின்னம். தீயையும் தாண்டி நின்ற சுடுமண்: பண்டைய சீனக் கூரைகள் கூறும் வரலாறு

சீனாவில் இன்றும் நிலைத்திருக்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழமையானது, ஷான்சி மாகாணத்தில் உள்ள நான்சான் ஆலய மண்டபம் ஆகும். அது கி.பி. 782-இல் எழுப்பப்பட்டது. அதற்கு முந்தைய அரண்மனைகளும் பௌத்த ஆலயங்களும் தீ, போர் ஆகியவற்றால் அழிந்துவிட்டன. அவற்றின் கூரைத் தோற்றத்தை அறிய, அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளும் சுடுமண் அணிகளுமே முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது ‘சிவெய்’. ‘ஆந்தை வால்’ எனப் பொருள்படும் இந்த அணி, முகட்டின் இரு முனைகளிலும் உள்நோக்கி வளைந்த வடிவில் பொருத்தப்பட்டது. ஓடுகள் சேரும் இடத்தை மூடி, மழைநீர் கசியாமல் காப்பது இதன் நடைமுறைப் பயன். மழையைப் பொழிவிக்கும் கடல்வாழ் உயிரினத்தின் வடிவம் இது என்றும், கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்றும் மக்கள் நம்பினர். ஹான் பேரரசர் வூ காலத்தில், கி.மு. 104-இல் பைலியாங் மாளிகை தீக்கிரையான நிகழ்வுடன் பிற்கால நூல்கள் இவ்வழக்கத்தைத் தொடர்புபடுத்துகின்றன.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வட வெய் அரசு குடைவித்த யுன்காங் குகைகளின் புடைப்புச் சிற்பங்களிலும் இந்த அணியைக் காணலாம். அங்குச் செதுக்கப்பட்டுள்ள கூரைகளின் முனைகளில் சிவெய் தெளிவாகத் தெரிகிறது.

அவ்வரசின் தலைநகரான லுவோயாங்கில், 516-இல் எழுப்பப்பட்ட யோங்நிங் ஆலயத்தின் ஒன்பது அடுக்கு மரக் கோபுரம் 534-இல் எரிந்து சாம்பலானது. 1979-இல் தொடங்கிய அகழாய்வில், சுமார் 38 மீட்டர் பக்க அளவுள்ள சதுர அடித்தளமும், தாமரை வடிவம் பொறித்த இறவார ஓடுகளும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் சிற்பத் துண்டுகளும் கிடைத்தன. கோபுரத்தை அழித்த அதே நெருப்பு, சுடப்படாத களிமண் சிற்பங்களைச் சுட்டு உறுதியாக்கியது. மரம் மறைந்தது, மண் எஞ்சியது.

ஓடுகளில் உள்ள தாமரை, இந்தியாவிலிருந்து சென்ற பௌத்தத்தின் தாக்கத்தை உணர்த்துகிறது. முந்தைய ஹான் கால ஓடுகளில் மேகச் சுருள் வடிவமே மிகுதியாக இருந்தது.

பிற்காலத்தில் சிவெய், வாயைத் திறந்து முகட்டைக் கவ்வும் டிராகன் உருவமாக மாறியது. இம்மாற்றத்தில் இந்தியக் கலையின் மகர வடிவத்துக்கும் பங்குண்டு என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பெய்ஜிங் அரண்மனையின் முதன்மை மண்டபத்தில் இத்தகைய உருவம் சுமார் 3.4 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது.