சுரங்கத்திலிருந்து வந்த அமைச்சர்



எங்கள் வகுப்புகளில் அவ்வப்போது திக்கித் திக்கிப் பேசும் பிள்ளை ஒன்று வந்து சேரும். எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் முதற்சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். "இவன் எங்கே படிக்கப் போகிறான்? என்னோடு வேலைக்கு வரட்டும்" என்று தகப்பனார்கள் சொன்ன காலமும் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஒரு சிறுவனுடைய வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அவர் பெயர் அனைரின் பெவன்.

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் வேல்ஸ் என்னும் மலைநாடு இருக்கிறது. அதன் தென்புறத்தில் டிரெடிகர் என்பது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே 1897ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பெவன் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துப் பிள்ளைகள். தந்தை டேவிட் பெவன் சுரங்கத் தொழிலாளி. பெவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. திக்குவாய் ஒருபுறம், தலைமையாசிரியரின் கடுமை மறுபுறம். 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பூமிக்கு அடியில் கரி வெட்டப் போனார்.

பள்ளியை விட்டாரே தவிர, படிப்பை விடவில்லை. டிரெடிகர் தொழிலாளர்கள் தங்கள் காசைப் போட்டு ஒரு நூலகம் நடத்தி வந்தார்கள். சுரங்கத்திலிருந்து வந்ததும் அந்நூலகத்து நூல்களை எடுத்துப் படிப்பார். மலைமேல் ஏறி, யாருமில்லாத இடத்தில் உரக்கப் பேசிப் பழகுவார். எந்தச் சொல் நாவில் சிக்குகிறதோ, அதற்கு ஈடான வேறொரு சொல்லைத் தேடி வைத்துக்கொள்வார். இதனால் திக்கல் மெல்லக் குறைந்தது, சொல்வளமோ பெருகியது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களுள் ஒருவர் என்று பெயர் பெற்றவர் இவரே.

1919இல் சுரங்கத் தொழிற்சங்கம் உதவித்தொகை கொடுத்து அவரை இலண்டனில் ஒரு தொழிலாளர் கல்லூரிக்கு அனுப்பியது. இரண்டாண்டு கழித்து ஊர் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. அவ்வேளையில் அவருடைய தந்தை கரித்தூசி நுரையீரலில் படிந்து நோய்வாய்ப்பட்டார். 1925இல் மகனின் கைகளிலேயே உயிர் விட்டார். ஆயுள் முழுதும் சுரங்கத்தில் உழைத்ததால் வந்த நோய் அது. ஆனால், தொழிலால் வரும் நோய்கள் என்று சட்டம் அன்று வைத்திருந்த பட்டியலில் அதற்கு இடமில்லை. எனவே நட்ட ஈடும் கிடைக்கவில்லை. அந்த மரணத்தைப் பெவன் மறக்கவேயில்லை.

இனி, டிரெடிகர் மக்கள் செய்து வந்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். நம் தோட்டங்களில் மரண சகாய நிதி என்று ஆளுக்குக் கொஞ்சம் கட்டுவோம் அல்லவா? ஒருவர் இறந்தால் அடக்கச் செலவுக்கு அது உதவும். டிரெடிகர்த் தொழிலாளர்கள், உயிரோடு இருப்பவரைக் காப்பாற்ற அதுபோன்ற ஒரு சங்கத்தை நடத்தினார்கள். அதற்கு மருத்துவ உதவிச் சங்கம் என்று பெயர். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு பவுன் கூலியில் 3 பென்ஸ் சங்கத்துக்குப் பிடிக்கப்படும். அதாவது 80இல் ஒரு பங்கு. அந்தப் பணத்தில் மருத்துவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மருந்தும் மருத்துவமனையும் கிடைத்தன. கட்டிய பணத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை. நோயற்றவர் கட்டியது நோயாளிக்குப் பயன்பட்டது. நாளை அவரே நோயாளியானால் மற்றவர் கட்டியது அவருக்குப் பயன்படும். இவ்வளவுதான் அதன் இரகசியம். அந்த ஊர் மருத்துவமனையின் நிருவாகக் குழுவில் பெவனும் இருந்து பணியாற்றினார்.

டிரெடிகருக்கு வெளியே நிலைமை வேறு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூலி வாங்கும் தொழிலாளிக்கு மருத்துவர் உதவி உண்டு. அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமின்றி நோயை மறைத்துக்கொண்டு வேலை பார்த்த தாய்மார் ஆயிரமாயிரம். காய்ச்சலைச் சொல்லாமல் பெரட்டுக்குப் போன தாய்மாரைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1929இல் எபு வேல் தொகுதி மக்கள் பெவனை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இறக்கும்வரை அவர்தாம் அத்தொகுதியின் உறுப்பினர். 1934இல், தம்மைப் போலவே சுரங்கக் குடும்பத்தில் பிறந்த ஜென்னி லீ என்ற அரசியல்வாதியை மணந்தார். 1945இல் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. கிளெமண்ட் அட்லி பிரதமரானார். 47 வயதுப் பெவன் சுகாதார அமைச்சரானார். டிரெடிகரில் ஓர் ஊர் செய்ததை ஒரு நாடு முழுவதும் ஏன் செய்யக்கூடாது என்பதே அவர் எண்ணம்.

1946இல் சட்டம் நிறைவேறியது. மருத்துவமனைகளை அரசு ஏற்கும். பெருமளவு வரிப்பணத்திலிருந்து செலவு நடக்கும். நோயாளி கையில் காசு இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் மருத்துவர்கள் எதிர்த்தார்கள்; தாங்கள் அரசாங்கத்தின் சம்பளக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் அவர்களுடைய சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பங்கினர் திட்டம் வேண்டாம் என்றார்கள். பெவன் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவர்கள் தனி நோயாளிகளையும் பார்க்கலாம் என்றார். குடும்ப மருத்துவர்களை முழுச் சம்பள ஊழியர் ஆக்குவதில்லை என்றும் உறுதி கூறினார். ஆனால் 'நோயாளிக்கு இலவசம்' என்ற அடிப்படையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அன்று மான்செஸ்டர் நகரின் அருகே ஒரு மருத்துவமனைக்குப் பெவன் போனார். புதிய சேவையின் முதல் நோயாளியாக அங்கே படுத்திருந்தவள் 13 வயதுச் சிறுமி. பெவன் கரி வெட்டப் போனதும் அதே வயதில்தான். முதலாண்டில் மட்டும் ஐம்பது இலட்சம் மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. அத்தனை பேர் அதுவரை மங்கிய கண்ணோடு காலம் தள்ளியிருக்கிறார்கள்!

பெவனிடம் குறைகளும் இருந்தன. சேவை தொடங்குவதற்கு முதல்நாள் எதிர்க்கட்சியினரைப் புழுபூச்சியிலும் கீழானவர்கள் என்று மேடையில் ஏசிவிட்டார். சொந்தக் கட்சிக்கே அது தீங்காயிற்று. திக்கலை வென்ற நாவையும் அடக்கிவைக்கத் தெரிய வேண்டும்.

1951இல் ஒரு சோதனை வந்தது. கொரியப் போரை ஒட்டி ஆயுதச் செலவு உயர்ந்தது. பணம் போதவில்லை என்று, மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பற்களுக்கும் பாதி விலை வாங்க அரசு முடிவு செய்தது. 'சிறு தொகைதானே' என்றார்கள். பெவன் அப்போது தொழில் அமைச்சர். கொள்கையில் சிறு ஓட்டை விழுந்தாலும் ஓட்டைதான் என்று அவர் கருதினார். ஏப்ரல் மாதம் பதவியைத் துறந்தார். அதனால் அவர் கட்சி பிளவுபட்டது. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

அதன்பின் அவர் அமைச்சர் ஆகவில்லை. 1960 ஜூலை 6ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அவருடைய சாம்பலைத் தாம் பேசிப் பழகிய மலைகளிலேயே தூவினார்கள். இன்று அச்சேவையில் காத்திருப்போர் வரிசை நீண்டிருக்கிறது. குறை சொல்வோரும் உண்டு. ஆயினும் மருத்துவரைப் பார்க்கப் போகும் ஏழைத் தாய் பணப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நிலைமை அங்கே திரும்பி வரவில்லை.

நேயர்களே, பெவனை உருவாக்கியவை மூன்று. தொழிலாளர் காசில் நடந்த நூலகம், தொழிற்சங்கம் கொடுத்த உதவித்தொகை, ஊரார் கட்டிய 3 பென்ஸ். மூன்றுமே அவரைப் போன்ற ஏழைகள் கூடிச் சேர்த்தவை. நம் பக்கத்திலும் ஒரு சிறு வாசகசாலைக்கு, ஒரு பிள்ளையின் படிப்புக்கு என்று யாராவது பணம் கேட்டு வந்தால், "இதனால் எனக்கு என்ன?" என்று கேட்குமுன் டிரெடிகரை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் திக்கிப் பேசும் பிள்ளை இருந்தால், இன்றிரவு ஒரு புத்தகத்தை அவன் கையில் கொடுங்கள். உரக்கப் படிக்கச் சொல்லி, அவசரப்படாமல், சிரிக்காமல், கடைசிவரை கேளுங்கள்.