வெங்காயம் அல்லாத வெங்காயம்

போர்னியோத் தீவில் சின்ன வெங்காயத்தைப் போன்ற செங்குமிழ் ஒன்று மருந்துப் பொருளாக விற்கப்படுகிறது. ‘பாவாங் டாயாக்’, அதாவது டாயாக் மக்களின் வெங்காயம் என்பது அங்கு அதன் பெயர். பெயரை நம்புபவர் ஏமாறுவர். எலூத்தரின் பல்போசா எனத் தாவர நூலார் குறிக்கும் இச்செடி ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது; குங்குமப்பூவுக்கு உறவு. தாயகமும் போர்னியோ அன்று. மேற்கிந்தியத் தீவுகளும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலப் பகுதிகளுமே ஆகும். மனிதர் கைவழியே தென்கிழக்காசியாவை அடைந்து அங்கு வேரூன்றியது.

இதனை இனங்காண்பது கடினமன்று. வெங்காயத்தின் இலை உள்ளே குழலாக இருக்கும். இதன் இலையோ இளம் பனங்கன்றின் ஓலைபோல் நீளவாக்கில் மடிப்பு விழுந்தது. குமிழை நறுக்கினால் வெங்காய நெடி எழுவதில்லை. எனினும் ஐயம் தீர்ப்பது மலரே. இரண்டிலும் இதழ்கள் 6. ஆனால் வெங்காயப் பூவில் மகரந்தக் கேசரங்கள் 6. இதில் 3 மட்டுமே. வெங்காயத்தின் சூற்பை இதழ்களுக்கு மேலே அமையும். இதில் இதழ்களுக்குக் கீழே அமையும். வகுப்பறையில் ஒரு வெங்காயப் பூங்கொத்தையும் ஐரிஸ் குடும்பத்து மலர் ஒன்றையும் அருகருகே வைத்தால் மாணவர் இவ்வேறுபாட்டைத் தாமே எண்ணிக் கண்டுகொள்வர். கேசரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதால்தான் ‘கட்டற்றது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயர் பிறந்தது.

வெண்ணிற மலர் பிற்பகலுக்குப் பின்னரே விரிந்து, சில மணி நேரத்தில் வாடிவிடும். காலையில் மாதிரி சேகரிக்கச் செல்வோர் வெறும் அரும்புகளோடு திரும்ப நேரும்.

குமிழின் செந்நிறப் பகுதியில் நாஃப்தோகுயினோன் வகைச் சேர்மங்கள் உள்ளன; எலூத்தரின், ஐசோஎலூத்தரின் என்பன அவற்றுட் சில. இவற்றின் சாறு சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதும், சோதனை எலிகளின் குருதிச் சர்க்கரையைக் குறைப்பதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளன. இதிலிருந்து சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் கைகண்ட மருந்து என்ற பேச்சு பரவியது. எலியிடம் கண்டதை மனிதரிடம் நிறுவுவதற்குப் போதிய சோதனைகள் நடைபெறவில்லை. மருத்துவர் அளித்த இன்சுலினை நிறுத்திவிட்டு இக்குமிழை உண்ணும் நோயாளிக்கு உயிருக்கே ஊறு நேரலாம்.

களத்தில் பணிபுரிவோருக்கு இன்னுமோர் இடர் உண்டு. இக்குமிழ் உலர்ந்த சீவலாகவும் பொடியாகவும் கூட விற்பனைக்கு வருகிறது. அப்போது எண்ணுவதற்குக் கேசரமும் இல்லை, பார்ப்பதற்குச் சூற்பையும் இல்லை. நுண்ணோக்கியும் வேதியியற் சோதனையுமே வழி.