ஏலத்தில் கைக்கடிகாரம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

ஏலம் வணிகப் பெருமக்களுக்குப் புதிதல்ல. நெல்லும் நிலக்கடலையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில்தான் விலை போகின்றன. கைக்கடிகாரங்களும் ஏலத்துக்கு வருகின்றன. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் கணக்கு வேறு.

முதல் வகை திருத்தணிக்கு அருகிலேயே நடப்பது. திருமலை உண்டியலில் பக்தர்கள் செலுத்தும் கைக்கடிகாரங்களைத் தேவஸ்தானம் அவ்வப்போது மின்னணு ஏலத்தில் விற்கிறது. புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு பழுதானவை எனப் பல லாட்டுகளாகப் பிரித்து விடுவார்கள். இது மொத்தக் கொள்முதல் போன்றதே. பழுது பார்க்கும் கூலி, பேட்டரி, வரி, வண்டிக் கூலி, ஓடாமல் கழிந்துபோகும் சரக்கு ஆகிய அனைத்தையும் சேர்த்து அடக்க விலை போட்டுப் பார்த்த பிறகே கேட்க வேண்டும்.

இரண்டாவது வகை ஜெனீவா, நியூயார்க் போன்ற நகரங்களில் நடப்பது. அங்கே ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனி விலை. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியடிகளின் ஜெனித் பாக்கெட் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு முதலியவை ஒரே லாட்டாக ஏலம் விடப்பட்டன. விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அது தங்கக் கடிகாரம்கூட அல்ல, எஃகு! யாருடையது என்பதற்குச் சான்று இருந்ததே காரணம். ஏல நிறுவனத்தின் கமிஷனும் இதில் கவனிக்கத்தக்கது. கேட்ட விலைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு வரை வாங்குபவர் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பெங்களூரில் 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் பழைய சாவி வாட்சுகளைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். டயலுக்குப் புது வர்ணம் பூசி, வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைக் கோத்தவையும் சந்தையில் நிறைய உலவுகின்றன. ஆகவே வாங்குவோர் பின்மூடியைத் திறந்து, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

தந்தையார் கட்டிய வாட்ச் வீட்டில் இருந்தால் பளபளப்புக்காக மெருகேற்றவோ டயலை மாற்றவோ வேண்டாம். ரசீது, பெட்டி, உத்தரவாத அட்டை கிடைத்தால் உடன் வையுங்கள். விற்க நினைத்தால் இரண்டு, மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். ஏலத்தில் எடுக்க நினைத்தால், தாண்டக்கூடாத விலையை முன்கூட்டியே சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.