கடைசி எழுத்துக்காரர்

ஆய்வுக்கூடத்தில் மாட்டு டாக்டர் – 7

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் இறங்கும்போது ஆட்டோக்காரர் கேட்டார்: “மாட்டு டாக்டருங்களப் பத்தி எழுதறேன்னீங்க. மனுஷ ஆஸ்பத்திரியில அவங்களுக்கு என்னா சார் வேல?”

“இடது கைச் சட்டையைக் கொஞ்சம் ஏத்துங்க” என்றேன். தோளுக்குக் கீழே வட்டத் தழும்பு. நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு, பிறந்த கையோடு போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஒரு மாட்டு டாக்டருடையது.

பி என்றால் கிருமி. சி, மருத்துவர் ஆல்பர் கால்மெட். ஜி, கமீய் கெரேன். 1872இல் பிரான்சில் பிறந்த கெரேன், பத்து வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பாரிசை ஒட்டிய அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டு, 1897இல் லீல் நகரப் பாஸ்டர் நிலையத்தில் கால்மெட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர்கள் கையில் எடுத்தது மாட்டுக் காசநோய்க் கிருமி, நோய்ப்பட்ட ஒரு பசுவின் பாலிலிருந்து பிரித்தது. கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் அதை வளர்த்தார்கள். கட்டி கட்டியாகத் திரளாமல் இருக்கத்தான் பித்தநீர். அதில் வளர வளரக் கிருமியின் வீரியமும் குறைந்துகொண்டே வந்தது. 1908இல் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 13 ஆண்டுகளில் 230 முறை!

நடுவில் முதல் உலகப் போர். லீல் ஜெர்மானியர் பிடியில். உருளைக்கிழங்கு யானை விலை. பித்தநீரோ ஜெர்மன் படையின் கால்நடை மருத்துவர்கள் தயவில் கசாப்புக்கூடத்திலிருந்து வந்தது. 1918இல் கெரேனின் மனைவியையும் காசநோய் கொண்டுபோனது. கிருமி மாற்றும் வேலை நிற்கவில்லை.

கினிப்பன்றி, முயல், மாடு என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் கிருமியைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். எதற்காக? ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக! மனிதருக்குக் கொடுக்கும் முன் செய்யும் ஆய்வில் பாதி இந்தக் காத்திருப்புதான். ஆனால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்ல ஒரு பழகிய கண் வேண்டும். விலங்கு வாய்திறந்து சொல்லாது, முடிந்தவரை நோயை மறைக்கும். மயிர் சிலிர்த்திருக்கிறதா, முதுகு கூனியிருக்கிறதா, நேற்று வைத்த தீனி மிச்சமிருக்கிறதா என்பதெல்லாம் கால்நடை மருத்துவருக்குத்தான் முதலில் படும்.

1921இல் பாரிசில் முதல்முறையாக ஒரு குழந்தைக்கு அந்த மருந்தை வாய்வழியே கொடுத்தார்கள். பிரசவித்த தாய் காசநோயில் இறந்திருந்தாள். வளர்க்கவேண்டிய பாட்டிக்கும் அதே நோய். குழந்தை நோயின்றி வளர்ந்தது. பிறகு இங்கே சென்னை கிண்டியிலும் 1948இல் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் வந்தது.

விலங்கு சொல்லும் பதில் முழுப் பதிலாகிவிடாது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால்தான் இன்றும் போடுகிறோம்.

இன்று நம் நாட்டில் எலியிலோ முயலிலோ ஆய்வு செய்ய வேண்டுமானால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த விதிகள் அப்படி. அந்தக் குழுவில் கால்நடை மருத்துவருக்கு ஓர் இடம் கட்டாயம். குரும்பாபேட்டில் 1994இல் தொடங்கிய நம் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாட்டு ஆஸ்பத்திரி ஒன்றே வழியல்ல, அந்த நாற்காலியும் காத்திருக்கிறது.

ஆட்டோக்காரர் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்ப மொதல்ல ஊசி வாங்கிக்கினது மாடுதானா?” என்றார்.

ஆமாம், நமக்கு முன்னால் அதுதான் வரிசையில் நின்றது.

அடுத்த வாரம்: அதே அல்ஃபோர் பள்ளியில் படித்த இன்னொருவர், மரவள்ளி மாவை மருந்தோடு கலந்து குதிரைக்கு ஊசியாகப் போட்டார். ஏன்?

(தொடரும்)